கேஷ் எந்தக் கல்லாவிலிருந்து வந்தது?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை என்று தலைப்பு. கீழே வரிசையாக எட்டு – எய்ட், கொல் – கில், கரை – க்ரை, நட்டநடுவே தடித்த எழுத்தில் காசு – கேஷ். அதற்குக் கீழே சித்தப்பா வீட்டு ஆட்களெல்லாம் கைகூப்பும் பொம்மைகளாகக் குவித்திருந்தார்கள். நான் ஒன்றும் போடாமல் இருந்தேன். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை, தனியாகக் கூப்பிட்டார். "என்னடா மாப்ளே, படிச்சவன் நீ, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

மாமாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பேச்சுப்போட்டியில் "நம் காசு கப்பலேறிப் போய்க் கேஷ் ஆகித் திரும்பி வந்தது" என்று கையை உயர்த்தி நான் முழங்கியபோது மண்டபமே கைதட்டியது. முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அந்த வரியை எங்கிருந்து பிடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை, யாரோ சொல்லக் கேட்டதுதான். பல வருஷம் கழித்து வேறு எதையோ தேடி அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. டிபன் பாக்ஸை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் இருக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறந்த வீடு வேறு வேறு. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் போடும். கடையில் "கேஷா, கார்டா, ஜீபேவா" என்று கேட்கிறார்களே, அது ஒன்று. கிழக்கு நாடுகளில் புழங்கிய செப்புச் சல்லிக்கு வெள்ளைக்காரர்கள் சொன்ன பெயர் இன்னொன்று. தமிழ் ரத்தம் ஓடுவது இரண்டாவதில். நாம் தினமும் சொல்வது முதலாவதை.

முதல் கேஷ் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 1590களில். அப்போது அதற்குப் பணம் என்று மட்டும் பொருள் இல்லை, பணம் போட்டு வைக்கும் பெட்டி என்றும் பொருள். பிரெஞ்சில் கேஸ், இத்தாலியனில் காஸ்ஸா, இரண்டும் பெட்டிதான். பாங்க் என்ற சொல்லே இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்த பலகையிலிருந்து கிளம்பியது என்பதை நினைத்துப் பார்த்தால், பலகைக்குப் பக்கத்தில் பெட்டியும் சேர்ந்து வடக்கே போனதில் ஆச்சரியம் இல்லை. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் காப்ஸா. ரோமாபுரிக்காரர்கள் சுருளேடுகளைச் செருகி வைத்துத் தூக்கிப்போன உருளைப் பெட்டிக்கும் அதே பெயர்தான். பெட்டியைச் சொன்ன சொல் மெல்ல மெல்ல உள்ளே இருக்கிற பணத்தைச் சொல்ல ஆரம்பித்து, பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறந்து பணம் மட்டும் நின்றுவிட்டது.

இதை மாமாவிடம் சொன்னபோது "பெட்டி எப்படிடா பணமாகும்?" என்றார். கேட்டது யார் தெரியுமா, நாற்பது வருஷம் மளிகைக்கடை நடத்தின மனுஷர். அவருடைய கல்லா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாய்வு மேஜைக்குக் கீழே தேக்குப் பலகையில் ஒரு இழுப்பறை, உள்ளே வட்டமாகக் குடைந்த அஞ்சு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு தினுசுச் சில்லறை, நோட்டெல்லாம் பின்பக்கம் ஒரு பித்தளைத் தட்டுக்கு அடியில். இழுத்தால் லேசாகக் கிறீச்சிடும், மூடும்போது சில்லறை எல்லாம் ஒருதடவை குலுங்கும், பெருங்காய வாசனையும் செப்பு வாசனையும் சேர்ந்து வரும். ராத்திரி கடை சாத்தும்போது அத்தை உள்ளேயிருந்து கேட்பாள், "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" யாரும் அந்த இழுப்பறையின் நீள அகலத்தைச் சொல்ல மாட்டார்கள். "கல்லா எழுநூத்திச் சொச்சம்" என்பார் மாமா. படம் நன்றாக ஓடினால் கல்லா கட்டுகிறது என்கிறோம், தேர்தல் சமயத்தில் பெட்டி கைமாறியது என்றால் காலிப் பெட்டி என்று யாராவது நினைப்பார்களா? இத்தாலிய வியாபாரி வாயில் நடந்ததும் இதுவேதான் மாமா, என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, மேல சொல்லு" என்றார்.

மேலே சொன்னால் நிறைய இருக்கிறது. அந்த லத்தீன் பெட்டிக்குப் பிள்ளைகள் அதிகம். சூட்கேஸில் இருக்கிற கேஸ் அதே காப்ஸாதான். ஆக சூட்கேஸில் கேஷ் கொண்டுபோனார்கள் என்று செய்தித்தாளில் வந்தால் ஒரே பெட்டியை இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று அர்த்தம். மருந்துக்கடையில் வாங்குகிற கேப்ஸ்யூல் குட்டிப்பெட்டி, பாட்டு கேட்ட கேசட்டும் குட்டிப்பெட்டி, லாரிக்கு அடியில் இருக்கிற சேஸிஸ் கூடப் பிரெஞ்சு வழியாக இதே வீட்டுப் பிள்ளை. ஆனால் போலீஸ் கேஸ் இந்தக் குடும்பம் இல்லை, அது லத்தீனில் விழுதல் என்ற வேறொரு சொல்லிலிருந்து வந்தது. அடுப்புக்கு வருகிற கேஸ் இரண்டிலும் சேராது, பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி ரசாயனக்காரர் கிரேக்கத்தின் கேயாஸை மனதில் வைத்துக்கொண்டு புதிதாக உண்டாக்கிய சொல். தமிழில் எழுதும்போது மூன்றையும் கேஸ் என்றே எழுதுகிறோம். ஐநூறு வருஷம் கழித்து யாராவது நம் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லாராய்ச்சி செய்தால், சிலிண்டரும் சூட்கேஸும் எஃப்ஐஆரும் அண்ணன் தம்பி என்றுதான் முடிவு கட்டுவார்.

காப்ஸாவுக்கும் அப்பால் ஒரு படி உண்டு. லத்தீனில் காபெரே என்றால் பிடித்தல், எடுத்துக்கொள்ளுதல். பொருளைப் பிடித்து வைப்பது பெட்டி. இந்தச் சொல்லின் வேர் ஐரோப்பாவின் பழைய மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்த வேர், கப் என்பதுபோல் ஒலித்திருக்கும் என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்த வேர் நேராக, லத்தீன் பக்கம் போகாமல், ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த வடிவம் எது என்று நினைக்கிறீர்கள்? ஹேவ். ஐ ஹேவ் எ பென் என்று ஒன்றாம் வகுப்பில் கத்தினோமே, அந்த ஹேவ்.

க எப்படி ஹ ஆகும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் ஒருநாள் பெங்களூர் பஸ் ஏறச் சொல்லுங்கள். நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. ஒன்றிரண்டு இல்லை, பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் ப இருந்த இடத்திலெல்லாம் சொல்லிவைத்தாற்போல் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த கிளையில் க-வுக்கு இந்தக் கதி. லத்தீனில் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். கெண்டும் என்ற நூறு இங்கே ஹண்ட்ரட். கானிஸ் என்ற நாய் ஹவுண்ட். இதை 1822-இல் விதியாக எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து ராஜகுமாரி, ஓநாய்க் கதைகளெல்லாம் தொகுத்தாரே, அதே கிரிம்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது. லத்தீனில் ஹபேரே என்று ஒரு சொல் இருக்கிறது, வைத்திருத்தல் என்று பொருள். ஆங்கில ஹேவுக்கும் வைத்திருத்தல் என்றுதான் பொருள். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. காசு – கேஷ் ஜோடியைவிட நூறு மடங்கு பொருத்தம். ஆனால் இரண்டுக்கும் உறவே கிடையாது. லத்தீனின் ஹ-வுக்கு நேராக ஆங்கிலத்தில் வரவேண்டியது க்-இன் மெல்லொலி, ஆகவே ஹபேரேயின் சொந்தக்காரர் கிவ். வைத்திருப்பதற்கும் கொடுப்பதற்கும் உறவு, ஒரே பொருளும் ஒரே முகமும் இருக்கிற ஹேவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாமாவின் பட்டியலில் இருந்த எட்டு – எய்ட்டும் இப்படித்தான். லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட, ஜெர்மனில் ஆஹ்ட், எல்லாவற்றிலும் நடுவில் வேறு வேறான இரண்டு மெய் இருக்கிறது. நம் எட்டை உரித்துப் பார்த்தால் எண் என்று வரும், எண்பது, எண்ணூறு, எண்சாண் உடம்பு. முகம் மட்டும்தான் ஒத்துப்போகிறது, ஜாதகம் ஒத்துப்போகவில்லை.

சரி, இப்போது நம்முடைய காசுக்கு வருகிறேன், இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்றால், குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை ஒரு கிளியைக் காட்டுகிறார். வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தை அது கவ்விக்கொண்டிருக்கிறது. புதுநூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூர்நகத்தால் பிடித்திருக்கிற பொற்கொல்லன் மாதிரி இருக்கிறதாம். மஞ்சள் பழம் காசு, அலகு நகம். கோக்கிற காசு, ஆகவே செலவழிக்கிற காசைவிடக் காசுமாலைக் காசுக்குத்தான் அது பக்கத்தில் நிற்கிறது.

புழங்குகிற காசு வேண்டுமென்றால் ஏழாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். பஞ்சகாலத்தில் திருவீழிமிழலைக் கோயிலில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு படிக்காசு கிடைத்ததாம். அப்பருடைய காசைக் கடைக்காரன் உடனே வாங்கிக்கொண்டான், சம்பந்தருடையதை மாற்றப்போனால் வட்டம் பிடித்தான். அந்தப் பிடித்தத்துக்கு அன்றைக்கு வாசி என்று பெயர். வாசி தீரவே காசு நல்குவீர் என்று சாமியிடமே நியாயம் கேட்டுப் பாடிவிட்டார் சம்பந்தர். கிழிந்த நோட்டை மாற்றப்போய் நூறுக்குத் தொண்ணூறு வாங்கிவந்த எவருக்கும் இந்தப் பதிகம் புரியும். சோழர் கல்வெட்டில் ஈழக்காசு வருகிறது, யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீருக்கே நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு. எங்கும் காசு.

இந்தக் காசைக் கையில் எடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். 1498-இல் அவர்கள் முதலில் வந்திறங்கியது மலபார்க் கரையில். மலையாளத்தில் இன்றைக்கும் பணத்துக்குக் காசுதான், ஆனால் வாயில் காஷு என்று கேட்கும். யூலும் பர்னலும் சேர்ந்து 1886-இல் கொண்டுவந்த ஆங்கிலோ–இந்தியச் சொற்களின் அகராதி, தமிழ்க் காசிலிருந்தோ அதன் ஏதாவதொரு கொங்கணி வடிவத்திலிருந்தோ போர்த்துகீசியர் எடுத்திருக்கலாம் என்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் தெரிந்தவர், அவர் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கலாம். மலையாளக் காஷுவும் இதில் ஒரு கை கொடுத்திருக்கும் என்பது என் சொந்த ஊகம். எப்படியோ, போர்த்துகீசியர் அதைக் கைஷ என்று ஆக்கிக்கொண்டார்கள்.

ஏன் கைஷ? ஏனென்றால் அவர்கள் மொழியில் கைஷ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி. ஆமாம், அதே லத்தீன் காப்ஸா போர்த்துகீசியத்தில் கைஷ ஆகியிருந்தது. வேற்று மொழிச் சொல் காதில் விழும்போது நாம் தெரிந்த சொல்லின் சட்டையைத்தான் அதற்கு மாட்டுவோம். சென்னையில் ஹாமில்டன் பாலம் அம்பட்டன் பாலம் ஆனதாகச் சொல்கிறார்களே, அந்த மாதிரி. தமிழ்க் காசு லிஸ்பன்காரன் வாயில் ரோமாபுரிப் பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டது. இரண்டு கேஷும் சந்தித்த இடம் இங்கிலாந்து இல்லை, போர்த்துகீசிய மாலுமியின் நாக்கு. இது தெரிந்த அன்றைக்கு நான் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பாத குறையாகச் சொன்னேன், அவர் "ஓ" என்றார்.

1511-இல் போர்த்துகீசியர் மலேயாவின் மலாக்காவைப் பிடித்த பிறகு இந்தப் பெயர் இன்னும் கிழக்கே போகிறது. கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்த லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதிய பயண நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜாவாத் தீவின் மேற்கே இருக்கிற சுந்தா நாட்டில் கைஷ என்ற செப்புக்காசைத் தவிர வேறு நாணயமே இல்லை, நடுவில் ஓட்டை இருக்கும், இருநூறு அல்லது ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்கிறார் அதில். பெட்டிக் கேஷும் அதே பத்தாண்டில்தான் ஆங்கிலத்துக்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இல், சென்னையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639-இல். நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்து காசு என்று கற்றுக்கொண்டுபோய்த்தான் பணத்துக்குக் கேஷ் என்றான் வெள்ளைக்காரன் என்ற என் பேச்சுப்போட்டிக் கதை இந்த வருஷக் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. அப்புறம் சீனாவின் சதுர ஓட்டைக் காசுக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே பெயர் நின்றது. சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. சீனச் சல்லி தமிழ்நாட்டு மண்ணுக்கு வந்தது, அதற்கு ஆங்கிலப் பெயராகப் போனது தமிழ்ச் சல்லியின் பெயர்.

என்னிடம் ஒரு நாணயம் இருக்கிறது. நாணயக் கண்காட்சியில் வாங்கினேன், விற்றவர் கேஷ் மட்டும்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார், ஏடிஎம் தேடி ஓடினேன். பழுப்புச் செம்பு, பழைய காலணா அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற வருஷமும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். அந்தப் பாரசீக வரியைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டியபோது, பத்து காஸ் இரண்டு ஃபுலூஸ் என்று இருப்பதாகச் சொன்னார், ஃபுலூஸும் செப்புக்காசுதான். பாருங்கள், ஆங்கிலக்காரன் போர்த்துகீசியன் வழியாக வந்த கேஷைப் பொறித்திருக்கிறான், பாரசீகம் எழுதினவர் நம் ஊர் வாயில் கேட்டபடியே காஸ் என்று எழுதியிருக்கிறார். ஒரே பத்துக்காசில் பிரிந்துபோன இரண்டு உச்சரிப்பும். இந்த வகைக் காசுகள் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் போல்ட்டன் நடத்திய நீராவி நாணயச்சாலையில் அடித்துச் சென்னைக்குக் கப்பலில் வந்தவை. அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் இவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டாமலே 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூழ்காளிகள் எடுத்துவந்தது ஏராளம், அதனால்தான் என் சம்பளத்துக்கும் ஒன்று கட்டுபடியானது.

அந்தக் காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. அதாவது வராகனுக்கு 3,360 காசு. கம்பெனி 1818-இல் ரூபாயைக் கணக்குக்குக் கொண்டுவந்து வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தபோது இந்தப் பெருக்கல் தொல்லை ஒழிந்தது. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று 1949 வரை ஓட்டினார்கள், நாகர்கோவில் பக்கத்துப் பழைய ஆட்களுக்குச் சக்கரம் இன்னும் வாயில் வரும்.

காசு தமிழா, சமஸ்கிருதத்தில் ஒரு எடையைக் குறிக்கும் கர்ஷத்திலிருந்து வந்ததா என்று ஒரு தனிச் சண்டை இருக்கிறது. யூல் – பர்னல் கர்ஷம் என்கிறார்கள், திராவிடச் சொல்தான் என்பவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் தமிழுக்குள்ளேயே காசு என்று இன்னொன்று இருப்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே என்று கோவலன் கண்ணகியைக் கொஞ்சுகிறானே, அந்தக் காசுக்குக் குற்றம் என்று பொருள். குற்றமில்லாத மணமே என்கிறான், காசில்லாத மணமே என்றில்லை. காசில்லாமல் மதுரைக்குப் போனது பிற்பாடு.

இவ்வளவையும் இரண்டு தவணையாக மாமாவிடம் போனில் சொன்னேன். "அப்போ நான் போட்டது தப்பா, சரியா?" என்றார்.

"பாதி சரி மாமா."

"கடைக் கணக்குல பாதி சரின்னா தப்புன்னு அர்த்தம்டா." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார், "அது கிடக்கட்டும், கல்லான்னு சொன்னியே, அதாவது நம்ம சொல்லுதானே?"

இந்துஸ்தானியிலிருந்து வந்தது என்றேன். போனில் அத்தை யாருடனோ பேசுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் மாமா, "ஏண்டா, நாப்பது வருஷம் உட்கார்ந்த இடம்டா அது" என்றார்.